பிழைத்து வந்த பிறகு

2022 கார்த்திகை முதல் வாரத்திலேயே எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டர் மார்கழிக்கு வந்துவிட்டிருந்தது. முக்கூடலுக்குப் பக்கத்துக் கிராமத்தில், பட்டாசல் சுவரில், நெல்லையப்பர் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும் சாதாரணக் காலண்டர் அது. திருக்கார்த்திகை என்றைக்கு விழுகிறது என்று பார்க்க அம்மா போனபோது, அந்தத் தேதிக்குரிய தாளே அதில் இல்லை. கிழிந்த தாள்கள் என் தம்பியின் பாய்க்கு அருகே, ஒவ்வொன்றும் நான்காக மடிக்கப்பட்டு, சிறு அடுக்காக இருந்தன. காலையில் எழுந்ததும் முந்தைய நாளின் தாளைக் கிழிப்பது சிறுவயதிலிருந்தே அவனுடைய வேலை. அதைத்தான் அவன் செய்திருக்கிறான். கிழித்த பத்து நிமிடத்தில் கிழித்தது மனத்தை விட்டுப் போய்விட, மறுபடியும் எழுந்து போய் அடுத்த தாளைக் கிழித்திருக்கிறான். ஒரே காலையில் மூன்று நாட்களும் நான்கு நாட்களும் இப்படிப் போயின. அம்மா கையை ஓங்கிக்கொண்டு போனாள். "வேணும்னே செய்யுதான்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவனுடைய மூளை காயம்பட்டிருந்தது என்பதை நாங்கள் அறிந்துகொள்ள அதன் பிறகு மூன்று மாதங்கள் ஆயின. அந்த மூன்று மாதங்களும் ஒவ்வொரு அறிகுறியும் எங்கள் கண்முன்னால்தான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் வேறு பெயர் வைத்துக்கொண்டிருந்தோம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளின் மறதியையும் கவனமின்மையையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகியவள் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. போதை மாத்திரையால் மூச்சு நின்று, பிழைத்து வீடு திரும்பிய பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படிப்பட்ட குடும்பங்கள் நம் பக்கத்தில் இப்போது குறைவாக இல்லை. 2019 இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, இந்தியாவில் ஓபியாய்டு வகைப் பொருட்களைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2.26 கோடி பேர் என்று சொன்னது. அபின், ஹெராயின் ஆகியவற்றோடு வலிக்காக எழுதிக்கொடுக்கப்படும் டிராமடால், டேபென்டடால் போன்ற மாத்திரைகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

தம்பிக்கு அப்போது 25 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தான். முதுகுவலிக்கு என்று கூட வேலை செய்தவர் கொடுத்த மாத்திரையில் தொடங்கியது, இரண்டு ஆண்டுகளில் அது இல்லாமல் எழுந்து நிற்க முடியாது என்ற நிலைக்கு வந்தது. புரட்டாசியில் ஊருக்கு வந்து, ஒரு மாதம் மாத்திரையே தொடாமல் இருந்தான். வயிற்றுப்போக்கும் தூக்கமின்மையும் உடல் நடுக்கமுமாக முதல் பத்து நாட்களைக் கடந்தபோது அம்மா குறுக்குத்துறை முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். நாங்கள் மிகவும் நிம்மதியாக இருந்த அந்த மாதம்தான் அவனுக்கு மிகவும் ஆபத்தான மாதம் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தியவுடன் உடல் அதைத் தாங்கும் திறனை வேகமாக இழந்துவிடுகிறது. பழைய அளவு என்று நினைத்து எடுப்பது, அந்த உடலுக்கு இப்போது பல மடங்கு அளவு. தீபாவளி கழிந்த நான்காம் நாள் இரவு, ஊருக்கு வந்திருந்த நண்பன் ஒருவனோடு வெளியே போய் வந்தவன், பழைய அளவையே எடுத்திருக்கிறான். கூடவே குடித்தும் இருக்கிறான். மூச்சை அடக்குவதில் மதுவும் அந்த மாத்திரையும் ஒன்றுக்கொன்று துணை.

அந்த இரவைப் பற்றி ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுத வேண்டும். விடுமுறைக்காக நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். இரண்டு மணி அளவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவன் குறட்டை விடும் சத்தம் கேட்டது. வழக்கமான குறட்டை போல இல்லாமல், தொண்டையில் ஏதோ கொப்பளிப்பதுபோல ஆழமாக இழுத்து, நீண்ட நேரம் நின்று, மறுபடி இழுத்தது. அருகில் போனேன். அம்மா அரைத்தூக்கத்தில், "ஒறங்குதான்ட்டி, எழுப்பாத, பாவம்" என்றாள். எழுப்பாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். ஐந்தரை மணிக்குக் கருப்பட்டிக் காப்பி போட எழுந்த அம்மா விளக்கைப் போட்டபோது அவன் உதடுகள் நாவற்பழம் தின்றவனின் உதடுகள்போல இருந்தன.

அது தூக்கத்தின் குறட்டையே இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஓபியாய்டுகள், மூளையின் அடித்தண்டில் இருந்துகொண்டு நாம் நினைக்காமலே நம்மை மூச்சுவிட வைக்கும் பகுதியை அடக்குகின்றன. இரத்தத்தில் கரியமிலவாயு கூடினால் உடனே மூச்சை வேகப்படுத்தும் அந்தப் பகுதி, மருந்தின் பிடியில் எவ்வளவு கூடினாலும் அசைவதில்லை. நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து முறை இழுக்க வேண்டிய மூச்சு ஆறாகவும் நான்காகவும் குறைகிறது. தளர்ந்த நாக்கும் தொண்டையும் பாதி வழியை அடைத்துக்கொள்ள, அந்தச் சத்தம் வருகிறது. இதயம் மட்டும் நெடுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். துடிக்கும் இதயம் அனுப்பும் இரத்தத்தில் பிராணவாயு போதாது. அசைத்தும் உரக்கக் கூப்பிட்டும் எழாதவனின் குறட்டையைக் கேட்டால் உடனே 108 ஐ அழைக்க வேண்டும்; வண்டி வரும்வரை தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூச்சு இல்லாவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும்; மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். இதை இந்தக் கட்டுரையில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் படித்துக்கொள்ளுங்கள்.

நம் உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். உடல் செலவிடும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. சேமித்துவைக்க அதற்கு இடமில்லை. முற்றிலும் நின்றுபோனால் நான்கைந்து நிமிடங்களில் செல்கள் சாகத் தொடங்குகின்றன. முற்றிலும் நிற்காமல் மணிக்கணக்கில் குறைவாக வந்தால் என்ன ஆகும் என்பதை ஆற்றுப்பாசனம் உள்ள ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. பாளையங்கால்வாயில் தண்ணீர் குறைந்தால் எல்லா வயலும் ஒரே நாளில் காய்வதில்லை. கடைமடை முதலில் காயும். மூளையிலும் இரண்டு பெரிய இரத்தக் குழாய்களின் கடைசிக் கிளைகள் சந்திக்கும் கடைமடைப் பகுதிகள் இருக்கின்றன. அதோடு, மதகுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் ஒரு நாள் தண்ணீர் தவறினால் வாடிவிடும் வெற்றிலைக் கொடிக்கால்போல, தம் இயல்பாலேயே பொறுக்கமாட்டாத செல்களும் உண்டு. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ், அசைவுகளை ஒழுங்குபடுத்தும் அடிப்பகுதி முடிச்சுகள், நடையையும் சமநிலையையும் காக்கும் சிறுமூளையின் சில செல்கள் ஆகியவை அப்படிப்பட்டவை. அதனால்தான் ஒருவர் பேசவும் சிரிக்கவும் நடக்கவும் செய்துகொண்டு, நேற்று நடந்ததை மட்டும் அறியாதவராகத் திரும்பி வர முடிகிறது.

மருத்துவமனையில் அவனுக்கு நாலாக்ஸோன் ஊசி போட்டார்கள். இரண்டு நாட்கள் செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்திருந்தார்கள். நாலாக்ஸோன் ஓர் அருமையான மருந்து. ஓபியாய்டு பிடித்துக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டு, நிமிடங்களில் மூச்சைத் திருப்பித் தருகிறது. அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதாலும், மாத்திரை அதற்கு மேலும் உடலில் இருக்கும் என்பதாலும், கண் விழித்தவரை உடனே வீட்டுக்குக் கூட்டிவரக் கூடாது. அந்த ஊசிக்கு முன்பு கடந்துபோன நேரத்தில் பட்டினி கிடந்த செல்களுக்கு அது ஒன்றும் செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தம்பி எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தான் என்று மருத்துவர்கள் கேட்டார்கள். "விடியக்காலையில்தான் பார்த்தோம்" என்று அம்மா சொன்னாள். இரண்டு மணிக்கு நான் கேட்ட சத்தத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பயமும் வெட்கமுமே காரணம். அந்த மூன்றரை மணி நேரம் அவர்களுடைய குறிப்பில் ஏறியிருந்தால், பின்னால் வந்த எல்லாமே வேறு கண்ணால் பார்க்கப்பட்டிருக்கலாம்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிடி ஸ்கேன் நார்மல் என்று தாளில் இருந்தது. நாங்கள் அதைச் சட்டம்போட்டு மாட்டாத குறையாக எல்லோரிடமும் காட்டினோம். பிராணவாயுக் குறைவால் ஏற்படும் இத்தகைய காயம் சிடியில் பெரும்பாலும் தெரிவதில்லை என்பதும், முதல் சில நாட்களுக்குள் எடுக்கப்படும் எம்ஆர்ஐயில்தான் தெளிவாகத் தெரிய வாய்ப்பு அதிகம் என்பதும் அப்போது தெரியாது. வார்டில் அவனிடம் கேட்ட கேள்விகளை நினைத்துப் பார்க்கிறேன். பெயர் என்ன, எந்த ஊர், அம்மா பெயர் என்ன, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். அத்தனையும் எப்போதோ பதிந்து காய்ந்துபோன பழைய நினைவுகள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "இட்லி" என்றுதான் சொல்லியிருப்பான். அது சரியாகவும் இருந்திருக்கும், ஏனென்றால் தினமும் இட்லிதான்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினான். "எக்கா, இன்னைக்கு என்ன கிழமை?" என்பான். சொல்வேன். நான் அடுப்படிக்குப் போய் வருவதற்குள், அதே குரலில், அதே முகத்தோடு, முதன்முறையாகக் கேட்பவனைப் போலவே கேட்பான். "மருந்து இன்னும் இறங்கல" என்றார் சித்தப்பா. குளி என்றால் குளித்தான். சொல்லாவிட்டால் பகல் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். சோம்பேறித்தனம் என்றோம். பசிக்கிறதா என்று கேட்டால் யோசித்தான். ஒரு முறை அம்மா இருநூறு ரூபாயும் ரேஷன் கார்டும் கொடுத்துச் சீனி வாங்க அனுப்பினாள். ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்து, கடை பூட்டியிருந்தது என்றும், வழியில் மாமாவைப் பார்த்தேன் என்றும், அவரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்றும் விவரமாகச் சொன்னான். மாமா அன்று திருச்செந்தூரில் இருந்தார். கடை திறந்திருந்தது. பணம் அவன் சட்டைப்பையிலேயே, மடிப்புக் குலையாமல் இருந்தது. மாத்திரை வாங்கத்தான் போயிருக்கிறான் என்று எல்லோரும் முடிவு செய்தோம். பணம் செலவாகவில்லையே என்ற கேள்வி அன்று யாருக்கும் தோன்றவில்லை. பொய் சொல்பவனுக்குப் பொய்யால் ஏதாவது ஓர் ஆதாயம் இருக்கும். இவன் சொன்னவற்றால் இவனுக்கு அடியும் ஏச்சும்தான் கிடைத்தன. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாகவே, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், பழைய துண்டுகளைக் கொண்டு ஒட்டுப்போட்டு நிரப்புவது உண்டு என்றும், சொல்பவருக்கு அது உண்மையாகவே தோன்றும் என்றும் நரம்பியல் மருத்துவர் பிறகு விளக்கினார்.

எங்களை மிகவும் ஏமாற்றியது அவனுடைய கைகள். அம்மா நாற்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறாள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூளைப் பரப்பி, சுற்றி, நூல் கட்டுவாள்; பள்ளிக்கூடம் விட்டு வந்த வயதில் நாங்கள் இருவரும் அருகில் உட்கார்ந்து சிறு இரும்புக் குச்சியால் முனையை மடக்கிக் கொடுப்போம். மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் வாரம், யாரும் சொல்லாமலே அவன் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து மடக்க ஆரம்பித்தான். ஒரு பீடிகூடக் கோணவில்லை, ஒன்றுகூடப் பிரியவில்லை. பீடிக் கடையில் கழிவு சொல்லித் தள்ளாத அளவுக்குச் சுத்தமான வேலை. "பாத்தியா, வேலை மட்டும் மறக்கல. மத்ததெல்லாம் நடிப்பு" என்றாள் அம்மா. எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. பழகிய கைவேலை பதிந்திருக்கும் இடமும் நேற்றைய நிகழ்ச்சி பதியும் இடமும் மூளையில் வேறு வேறு என்பது நரம்பியலில் மிகப் பழைய பாடம். 1953 இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக இரண்டு பக்க ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியும் அகற்றப்பட்ட ஹென்றி மொலைசன் என்பவர், கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரம் வரையும் கடினமான வேலையை நாளுக்கு நாள் மேலும் மேலும் நன்றாகச் செய்தார். ஆனால் ஒவ்வொரு நாளும் அதைத் தாம் முதன்முறையாகச் செய்வதாகவே நினைத்தார். எங்கள் பட்டாசலில் அம்மாவின் சுளகுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனிடம் நாங்கள் கண்டதும் இதேதான். அதை நாங்கள் நடிப்பு என்றோம்.

மார்கழியில் அவனைப் போதை மறுவாழ்வு மையம் ஒன்றில் சேர்த்தோம். அங்கே காலையில் பாடம், மதியம் குழுவாகப் பேசுதல், மாலையில் அன்று கற்றதைத் திரும்பச் சொல்லுதல் என்று ஒழுங்கு இருந்தது. அவனால் எதையும் திரும்பச் சொல்ல முடியவில்லை. எந்த நேரத்துக்கு எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதும் தங்கவில்லை. விதியை மீறியதற்காகக் கண்டித்தார்கள். கண்டித்ததும் அவனுக்கு நினைவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் எதுவும் இல்லை என்று வந்தது. ஓபியாய்டுக்கான எளிய பட்டைச் சோதனைகள் பலவற்றில் டேபென்டடால், டிராமடால் போன்றவை தெரியாமல் போகலாம் என்பதால் அதை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் பூட்டிய வளாகத்துக்குள் மூன்று வாரம் இருந்தவன் அப்படியே இருக்கிறான் என்பதாவது யோசிக்க வைத்திருக்க வேண்டும். பொங்கல் கழிந்து, "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்த மையத்தின் மீது எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. மருந்துப் பழக்கத்தோடு வருபவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே ஒரு முறையாவது மூச்சு நின்று பிழைத்தவர்கள் என்று கேட்பது அவர்களுடைய முதல் தாளிலேயே இருக்க வேண்டிய கேள்வி. கேட்டதைத் தக்கவைக்கும் திறன் இல்லாதவருக்குப் பேச்சாலும் பாடத்தாலும் மட்டும் நடக்கும் சிகிச்சை எப்படிப் போய்ச் சேரும்?

என் கண்ணைத் திறந்தது ஒரு சின்னச் சோதனை. தை மாதக் கடைசி ஞாயிறு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விளையாட்டாகச் செய்வதை அவனிடம் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. தேர், வெள்ளரிக்காய், சாவி, குடை, செம்பருத்தி என்று ஐந்து சொற்களைச் சொன்னேன். உடனே ஐந்தையும் வரிசையாகத் திருப்பிச் சொன்னான். குரலில் உற்சாகம்கூட இருந்தது. கவனிக்கிறான், புரிகிறது, நாக்கும் குழறவில்லை. பிறகு மாடு ஒன்று வேலியில் முட்டியதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். "சரி, அந்த வார்த்தையெல்லாம் சொல்லு" என்றேன்.

"எந்த வார்த்தை?" என்றான்.

என் வகுப்பில் மறக்கும் பிள்ளைகள், மூன்றைச் சொல்லி இரண்டை விடுவார்கள். அல்லது "மறந்துபோச்சு டீச்சர்" என்பார்கள். மறந்துவிட்டது என்பதாவது அவர்களுக்கு நினைவிருக்கும். இவனுக்கு, நான் சொற்கள் ஏதும் சொன்னேன் என்பதே இல்லாமல் போயிருந்தது. "தேரா, தெப்பமா, எது?" என்று குறிப்புக் கொடுத்துக் கேட்டும் பயனில்லை. அவன் முகத்தில் திருட்டுத்தனமோ சலிப்போ எதுவும் இல்லை. உதவி செய்ய விரும்புகிறவனின் முகம்தான் இருந்தது. இரண்டு மாதங்களாக அவன் பாயைப் புரட்டியும் சட்டைப்பைகளைத் துழாவியும் பார்த்த கை என்னுடையது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாசியில் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். இந்த முறை இரண்டு மணிக் குறட்டையிலிருந்து எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். அதைப் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு விளங்கவில்லை. "வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே இப்படியா, டீச்சர்? இல்லை, இரண்டு மூன்று வாரம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு இப்படி ஆனாரா?" வந்த நாளிலிருந்தே என்றேன். இன்னொரு வகையும் உண்டு என்றார் அவர். மூச்சுத் திணறலிலிருந்து முழுமையாகத் தேறியவர்போல வீட்டுக்குப் போய், வேலைக்கும் போய், சில நாட்களோ சில வாரங்களோ கழித்து திடீரெனப் பேச்சுக் குறைந்து, உடல் விறைத்து, நடை மாறி, சிறுநீர் கட்டுப்படாமல் போய்விடும் நிலை அது. மூளையின் ஆழத்தில் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் உறை தாமதமாகச் சிதைவதால் வருகிறது. அடுப்புப் புகையின் கார்பன் மோனாக்சைடு நச்சிலும் இது வரும். 1962 இலேயே பிரெட் பிளம் முதலிய மருத்துவர்கள் இதை விவரித்து எழுதியிருக்கிறார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்றோ, மறுபடி போதை ஏறிவிட்டது என்றோ, பேய்க்கோளாறு என்றோ குடும்பங்கள் இதை எண்ணிக்கொள்வது மிக எளிது. எனவே பிழைத்து வந்தவரை முதல் நாற்பது நாட்களாவது ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; நன்றாக இருந்தவர் சரிந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எம்ஆர்ஐ படத்தை விளக்கொளியில் வைத்துக் காட்டினார். ஹிப்போகேம்பஸ் என்பது கிரேக்க மொழியில் கடற்குதிரையின் பெயர். வளைந்த அந்த வடிவம் இரண்டு பக்கமும் இருக்கும். தம்பிக்கு இரண்டு பக்கமும் சுருங்கியிருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 முதல் 2016 வரை, திடீரென்று ஆழ்ந்த மறதியோடு வந்த 14 பேரிடம் இதே இடம் இரு பக்கமும் பாதிக்கப்பட்டிருந்ததை மருத்துவர்கள் கண்டு, 2017 இல் அறிக்கையாக வெளியிட்டார்கள் என்றும், அவர்களில் பெரும்பாலோர் ஓபியாய்டு பழக்கம் உள்ளவர்கள் என்றும் சொன்னார். திருவனந்தபுரத்துக்குப் போய் இரண்டு நாட்கள் நினைவாற்றல், கவனம், திட்டமிடுதல் ஆகியவற்றை அளக்கும் உளவியல் சோதனைகளையும் செய்தோம். புதியதைப் பதியவைப்பது மிகக் குறைவு. தானாக ஒரு வேலையைத் தொடங்குவதும் குறைவு. மொழியும் கணக்கும் கைத்திறனும் அவன் வயதுக்கேற்றபடி. காயம்பட்ட மூளை என்று தாளில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னபோது அம்மா அழவில்லை. வெகுநேரம் கழித்து, "அப்ப அவன் என்னைய ஏய்க்கலியா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது மற்றவர்கள் என்னிடம் கேட்கும்போது நான் சொல்வது இவைதான். மாத்திரையை நிறுத்தியதால் வரும் உடல் தொல்லைகளான மூக்கொழுகல், கொட்டாவி, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு ஆகியவை ஒரு வாரம் பத்து நாளில் தணியும். தூக்கமின்மையும் ஏக்கமும் நீடிக்கலாம், ஆனால் அவை ஒருவரை ஒரே கேள்வியை இருபது முறை கேட்க வைக்காது. மாத்திரைக்காக அலைபவர் திட்டமிடுவார். நேரம் பார்ப்பார், பணம் தேடுவார், சாக்குச் சொல்வார். திட்டமிடும் திறனே போனவர் சொன்னால் செய்வார், சொல்லாவிட்டால் இருந்த இடத்தில் இருப்பார். மனச்சோர்வு உள்ளவரிடம் துயரம் இருக்கும். இவரிடம் துயரமும் இருக்காது. அதோடு, கைநடுக்கம், உடல் திடீரெனத் துள்ளுதல், வலிப்பு, தள்ளாட்டம், எதிரே இருக்கும் பொருளைப் பார்த்தும் இன்னதென்று தெரியாமை, சிறு விஷயத்துக்குக் கொதித்தெழுந்து நொடியில் அடங்குதல், இவற்றில் எது புதிதாக வந்திருந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரே பெரிய விபத்து நடந்திருக்க வேண்டும் என்பதுமில்லை. நண்பர்கள் கன்னத்தில் அறைந்தும் தண்ணீர் ஊற்றியும் எழுப்பிவிட்ட இரவுகள் தம்பிக்குத் திருப்பூரில் இரண்டோ மூன்றோ இருந்தன என்று பிறகு அவன் அறைத்தோழர்கள் சொன்னார்கள். ஒவ்வொன்றும் ஒரு தவணை.

மருத்துவமனையில் உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும் என்ற அச்சம்தான் பலரின் வாயைக் கட்டுகிறது. என் வாயைக் கட்டியதிலும் அதற்குப் பங்கு உண்டு. 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. 14446 என்ற எண்ணில் போதை மீட்புக்கும், 14416 என்ற எண்ணில் மனநலத்துக்கும் கட்டணமில்லாமல் பேசலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இன் 21 வகைகளில் மூளைக்காயம் என்று தனிப்பெயர் இல்லை. நாட்பட்ட நரம்பியல் நிலை என்ற வகையில் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

முதல் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரைதான் தேறுதல் வேகமாக இருக்கும் என்கிறார்கள். அதில் மூன்று மாதத்தை ஏச்சிலேயே கழித்துவிட்டோம். இருந்தும் மாற்றம் இருக்கிறது. பட்டாசலில் ஒரு வெள்ளைப் பலகை வைத்திருக்கிறோம்; கிழமை, தேதி, அன்றைய வேலை மூன்றும் அதில் இருக்கும். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் பலகையைக் கை காட்டுவோம்; மூன்று மாதத்தில், பலகையைப் பார்க்க வேண்டும் என்பது கைப்பழக்கம்போல அவனுக்குள் இறங்கிவிட்டது. ஒரு நேரத்தில் ஒரே வேலைதான் சொல்கிறோம். "நினைவிருக்கா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். தவறவிட்டுத் திருத்துவதைவிட, தவறாமலே பத்து முறை சேர்ந்து செய்வது அவனுக்குப் படிகிறது. வலிப்பு வராமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை அம்மாவின் இடுப்புச் சாவியோடுதான் இருக்கிறது, ஏனென்றால் சாப்பிட்டதை மறந்து இன்னொரு முறை சாப்பிடுவான். தப்பித்தவறிப் பழைய மாத்திரை அவன் கைக்கு வந்தாலும் இதே ஆபத்துதான், இன்னும் பெரிதாக. சட்டைப்பையில் என் தொலைபேசி எண்ணும், "எனக்கு நினைவு தங்காது, உதவுங்கள்" என்ற வரியும் எழுதிய அட்டை இருக்கிறது. முக்கூடல் பேருந்து நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் இப்போது தனியாகப் போய் வருகிறான்.

காலண்டரை நாங்கள் எடுத்துவிடவில்லை. அதற்கருகே ஒரு நோட்டு நூலில் தொங்குகிறது. தாளைக் கிழித்தவுடன் அதில் தேதியை எழுதிக் கையெழுத்துப் போடுவான். கிழிக்கக் கை நீளும் ஒவ்வொரு முறையும் அம்மா சுளகிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "நோட்டப் பாருய்யா" என்பாள். நேற்று நான் ஊருக்குப் போயிருந்தபோது புரட்டிப் பார்த்தேன். ஆவணி முழுவதும் ஒரு நாளுக்கு ஒரு கையெழுத்துதான் இருந்தது. இரண்டு இடங்களில் மட்டும் இரண்டாவதாக எழுதத் தொடங்கி, முதல் எழுத்திலேயே நிறுத்தி, தானே அடித்திருந்தான்.